வேலை செய்கிற உடம்புக்கு நடை எதற்கு?

வன்னியிலே ஒரு குளத்தடிக் கிராமம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சிறுகடன் கணக்குகளை முடித்துவிட்டு, அழைத்து வந்திருந்த தாதியைக் கொண்டு எல்லோருக்கும் பிறஷர் பார்க்க ஒழுங்கு செய்திருந்தோம். சங்கத்துப் பெண்களும், அவர்களை ஏற்றிச் செல்ல மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்ற கணவன்மாரும் ஒருவர் பின் ஒருவராகக் கையை நீட்டினர். நாற்பதைக் கடந்தவர்களிலே பலருக்கு மேல் இலக்கம் 140ஐத் தாண்டி நின்றது. தாதி கிளினிக் துண்டு எழுதிக் கொடுத்து, "உப்பைக் குறையுங்கோ, ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் கெதியா நடவுங்கோ" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எழுந்து நின்று கேட்டார்:

"நாங்கள் விடியப்புறம் எழும்பி, தண்ணி அள்ளி, சமைச்சு வச்சுப்போட்டு வயலுக்கும் தோட்டத்துக்கும் போனா பொழுதுபடத்தான் வீட்டை வாறம். இதுக்கு மேலயும் நடக்கச் சொன்னா எங்க நடக்கிறது சுவாமி? நடை எண்டது கதிரையில இருந்து வேலை செய்யிற ஆக்களுக்குத்தானே?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தாதியும் சிரித்துவிட்டார். நாம் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அடுத்த விடயத்துக்குப் போய்விட்டோம். அந்தப் பதில் அவருக்கும் திருப்தி தரவில்லை, எமக்கும் தரவில்லை. உண்மையிலே அது நியாயமான கேள்வி. உழைக்கிற மனிதருக்கு உடற்பயிற்சியைப் பற்றிப் போதிக்கிறவர்கள், அவருடைய உழைப்பு ஏன் போதாது என்பதை முதலில் விளக்க வேண்டும் அல்லவா? பின்னர் எமக்கு அறிமுகமான வைத்தியர்களிடம் கேட்டும், கிடைத்த நூல்களையும் ஆய்வுகளையும் வாசித்தும் நாம் அறிந்துகொண்டவற்றை இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

எட்டடி உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றுதல்

இதயம் ஒரு பம்பு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஓர் இலட்சம் தடவை அது சுருங்கி விரிகிறது. நாம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளின் கணக்கு 7,000 லீற்றருக்கு மேலே போகும். கையை மூடினால் வரும் முட்டியளவே உள்ள தசைக்கு இது சிறிய வேலையன்று.

இந்தப் பம்பு என்ன அமுக்கத்தில் வேலை செய்கிறது என்பதை முதன்முதலாக அளந்தவர் ஒரு வைத்தியர் அல்லர், ஒரு கிராமக் குருவானவர். இங்கிலாந்திலே இலண்டனுக்கு அண்மையிலுள்ள தெடிங்டன் என்ற ஊரின் கோவிலைப் பராமரித்து வந்த ஸ்ரீபன் ஹேல்ஸ் என்ற அங்கிலிக்கன் குரு, ஒரு பெண் குதிரையின் காலிலுள்ள நாடியில் குழாயைப் பொருத்தி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை நிமிர்த்தி வைத்தார். இரத்தம் இதயத்தின் மட்டத்திலிருந்து 8 அடி 3 அங்குலம் மேலே ஏறி நின்றது. 1733இல் இதனை நூலாக வெளியிட்டார். (பங்கு வேலைகளுக்கிடையே அவருக்கு எப்படி நேரம் கிடைத்தது என்பது எமக்கு இன்றும் வியப்பே.) குதிரைக்கு இதனால் நேர்ந்த கதியை நாம் சொல்லத் தேவையில்லை. கையில் பட்டி கட்டிக் காற்றடித்து அளக்கும் முறையை இத்தாலியரான ரிவா-ரொச்சி 1896இல் கண்டுபிடித்த பிறகுதான் சாதாரண மனிதருக்கும் அமுக்கம் பார்க்க முடிந்தது.

ஹேல்ஸின் முறை எமது கமக்காரருக்கு நன்றாக விளங்கும். கிணற்றிலிருந்து தண்ணீரை எத்தனை அடி மேலே ஏற்ற வேண்டுமோ அத்தனைக்குப் பம்பு முக்க வேண்டும். தாதி சொல்லும் 120 என்பது இரசத்தின் மில்லிமீற்றர் கணக்கு. அதைத் தண்ணீரின் உயரத்துக்கு மாற்றினால் ஏறத்தாழ ஐந்தேகால் அடி. பிறஷர் 180 உள்ளவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எட்டடிக்கு ஏற்றுகிறது. ஐந்தடி தாங்கிக்கு வாங்கிய பம்பை எட்டடித் தாங்கிக்குப் பூட்டி, இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடவிட்டால் என்ன நடக்கும்?

மேல் இலக்கம் இதயம் சுருங்கும்போது உள்ள அமுக்கம். கீழ் இலக்கம் அது தளர்ந்து நிரம்பும்போது நாடிகளில் எஞ்சியிருக்கும் அமுக்கம். வெவ்வேறு நாட்களில், ஆறுதலாக இருந்து அளந்தபோதும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதனை உயர் குருதியமுக்கம் என்று நமது நாட்டிலும் பெரும்பாலான நாடுகளிலும் கொள்கிறார்கள். அமெரிக்க வைத்தியர்கள் 2017இல் இந்த எல்லையை 130/80ஆக இறக்கிவிட்டனர்.

பெரும்பாலானோரில் இதற்கு ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. பரம்பரை, வயது, உப்பு, உடற்பருமன், மது என்று பல சேர்கின்றன. ஆனால் விளைவு ஒன்று. உடம்பெங்கும் பரந்துள்ள நுண்ணிய நாடிகள் இறுகி ஒடுங்குகின்றன. தோட்டத்துக் குழாயின் வாயைப் பெருவிரலால் அழுத்தினால் எப்படியோ அப்படி. தண்ணீர் போக வேண்டுமென்றால் பம்புதான் கூடுதலாக முக்க வேண்டும்.

தடிக்கின்ற சுவர்

இதயத்தின் இடது இதயவறைதான் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுவது. சுகதேகியில் அதன் சுவர் ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத தடிப்புள்ளது. பாரத்தை எதிர்த்து முக்கும் எந்தத் தசையும் தடிக்கும். கொல்லன் கையைப் பார்த்தால் தெரியும். உயர் அமுக்கத்தை எதிர்த்து வருடக்கணக்காக முக்கும் இதயவறையும் அவ்வாறே தடித்து 12, 14 மில்லிமீற்றர் என்று போகிறது. கையின் தசை தடித்தால் பெலன் என்கிறோம். இதயத்தில் அப்படியல்ல. சுவர் உள்நோக்கித் தடிக்க, உள்ளே இடம் குறைகிறது. தடித்த பலகையால் செய்த வாளியில் தண்ணீர் குறைவாகத்தானே பிடிக்கும்? தசைக்கு நடுவே நார்த்தன்மையான இழையங்களும் வளர்ந்து சுவரை விறைப்பாக்குகின்றன. விறைத்த சுவர் சுருங்கும், ஆனால் சரியாகத் தளராது. தளராவிட்டால் நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் உள்ளே இறங்கத் தாமதித்துப் பின்னே தேங்கும். குளக்கட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. "வயசு போட்டுது" என்று நாம் அதை விட்டுவிடுகிறோம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இதயம் எல்லோருக்கும் இரத்தம் கொடுக்கிறது. தனக்கு வேண்டிய இரத்தத்தை, குறிப்பாக இடது இதயவறையின் சுவருக்கு வேண்டியதை, அது பெரும்பாலும் தளர்ந்திருக்கும் வேளையிலேதான் பெற்றுக்கொள்கிறது. சுருங்கும்போது அதன் சொந்தக் குழாய்களே நசுங்கிவிடுகின்றன. தசை தடித்த அளவுக்கு அதற்குள் நுண்குழாய்கள் பெருகுவதும் இல்லை. ஆகவே உயர் அமுக்கக்காரரின் இதயம் கூடுதலாக வேலை செய்துகொண்டு குறைவாகச் சாப்பிடுகிறது. இந்த நிலையை நமது மலையகத்திலும் வயல்வெளியிலும் உழைக்கும் பெண்கள் எவரும் விளக்கமின்றியே புரிந்துகொள்வர்.

இவ்வளவும் நடக்கும்போது ஆளுக்கு ஒரு நோவும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று வந்தால்தான் பிறஷர் என்று நமது சனங்கள் நம்புகிறார்கள். இது பிழையான, ஆபத்தான நம்பிக்கை. பாரிசவாதம் வந்து விழுந்த அன்றுதான் முதன்முதலாகத் தமக்குப் பிறஷர் இருந்ததை அறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஓடுபவனின் இதயமும் தடிக்கிறது

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். வேகமாக நடந்தாலும் ஓடினாலும் இதயம் கூடுதலாக அடிக்கிறது, அமுக்கமும் ஏறுகிறது. அப்படியானால் உடற்பயிற்சியும் சுவரைத் தடிக்கச் செய்யாதா?

செய்யும். 1899இல் சுவீடன் நாட்டு வைத்தியர் ஹென்ஷென், பனியில் சறுக்கி நெடுந்தூரம் போட்டியிடும் வீரர்களின் நெஞ்சில் விரலால் தட்டிப் பார்த்தே அவர்களது இதயம் பெருத்திருப்பதைக் கண்டுபிடித்தார். இது நோயா, பயனா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. இன்று வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஓடுபவனின் இதயத்துக்கு வரும் பாரம் பெரும்பாலும் அளவின் பாரம். அதிகமான இரத்தம் வந்து அறையை நிரப்புகிறது. ஆகவே அறையும் விரிகிறது, சுவரும் அதற்கேற்ற அளவில் தடிக்கிறது. நார் இழையம் ஏறுவதில்லை. சுவர் நன்றாகத் தளர்கிறது. பயிற்சியை விட்டால் இதயம் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் ஒரு மணித்தியாலம் ஓடினால் மிகுதி இருபத்து மூன்று மணித்தியாலமும் அவனது இதயம் ஆறுகிறது. உயர் அமுக்கக்காரரின் இதயத்துக்கோ நித்திரையிலும் ஓய்வில்லை.

ஏரோபிக் பயிற்சி என்று வைத்தியர்கள் சொல்வது, ஒட்சிசனைப் பயன்படுத்தி எரிபொருளை எரித்துக்கொண்டு, பெரிய தசைகள் ஒரே தாளத்தில் தொடர்ந்து செய்யும் வேலையை. அமெரிக்க விமானப்படை வைத்தியராயிருந்த கென்னத் கூப்பர் 1968இல் எழுதிய நூலே இந்தச் சொல்லை உலகெங்கும் பரப்பியது. வேகநடை, சைக்கிள், நீச்சல், மெதுவான ஓட்டம், கும்மி கோலாட்டம் போல விடாது ஆடும் ஆட்டம் எல்லாம் இதனுள் அடங்கும்.

இவ்வாறு நடக்கும்போது உள்ளே நிகழ்வது பின்வருமாறு. காலின் பெருந்தசைகள் ஒட்சிசன் கேட்கின்றன. அங்கே மூடியிருந்த நுண்ணாடிகள் திறக்கின்றன. இதயம் கூடுதலாகத் தள்ளுவதால் மேல் இலக்கம் ஏறுகிறது. ஆனால் எத்தனையோ வாய்க்கால்கள் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால் கீழ் இலக்கம் அநேகமாக ஏறாது, சிலரில் சற்று இறங்கவும் செய்யும். வேகமாக ஓடும் இரத்தம் நாடிகளின் உட்சுவரை உரசிச் செல்ல, அந்த உட்சுவர் நைதரிக் ஒட்சைட்டு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது நாடியைத் தளர்த்துகிறது. இந்த வாயுவின் தொழிலைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நடையை முடித்த பின்னரும் இந்தத் தளர்ச்சி உடனே போய்விடுவதில்லை. பல மணித்தியாலங்களுக்கு, சிலரில் ஏறத்தாழ ஒரு நாள் வரை, அமுக்கம் முன்பிருந்ததை விடக் குறைந்தே நிற்கிறது. கிழமையில் பெரும்பாலான நாட்களில் நடக்கச் சொல்வதன் இரகசியம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணித்தியாலம் நடப்பதால் வியாழனுக்கு அதிகம் மிஞ்சாது.

கிழமைகள் செல்ல, நாடிகளை இறுக்கும் நரம்புகளின் கெடுபிடி தணிகிறது. ஓய்விலே இதயத்துடிப்பும் குறைகிறது. நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு குறைந்தால் ஒரு நாளைக்கு 14,400 துடிப்பு மிச்சம். துடிப்புகளுக்கிடையே தளரும் நேரம் நீள்வதால், முன்னே சொன்னபடி, இதயம் தனக்குரிய இரத்தத்தை ஆறுதலாகப் பெறுகிறது. உயர் அமுக்கம் உள்ளவர்கள் சில மாதங்கள் ஒழுங்காக ஏரோபிக் பயிற்சி செய்தால் மேல் இலக்கம் சராசரியாக 5 முதல் 8 வரை இறங்குகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர். இது சிறு தொகைபோலத் தோன்றலாம். ஆனால் மேல் இலக்கம் 5 இறங்கினாலே மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரும் ஆபத்துகள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது மருந்து ஆய்வுகளின் பெருந்தொகுப்பு ஒன்றிலிருந்து 2021இல் தெரியவந்தது.

தடித்த சுவர் மீண்டும் மெலியுமா? 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எம்மைக் கவர்ந்தது. கடுமையான உயர் அமுக்கத்துக்கு ஏற்கனவே மருந்து எடுத்துவந்த 46 கறுப்பின ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நிலையாக நிறுத்திய சைக்கிளைக் கிழமைக்கு மூன்று நாள் மிதிக்கச் செய்தனர். 16 கிழமைகளின் பின் அவர்களது கீழ் இலக்கம் இறங்கியது மாத்திரமல்ல, இதயச் சுவரின் தடிப்பும் இதயவறையின் நிறையும் குறைந்திருந்தன. தொடர்ந்து மிதித்தவர்களிலே சிலருக்கு வைத்தியர்கள் மருந்தின் அளவைக் குறைக்கவும் முடிந்தது. வைத்தியர்கள் குறைத்தார்கள், தாமாகக் குறைக்கவில்லை என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். இது சிறிய ஆய்வு. பின்னர் நடந்த எல்லா ஆய்வுகளிலும் சுவர் இதேபோல் மெலியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். உணவும் சேர்ந்தால் பலன் கூடுகிறது. 2010இல் வெளியான இன்னோர் ஆய்வில், மரக்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் கொண்ட உணவை மட்டும் பின்பற்றிய பருத்த உடல்வாகினருக்கு நான்கு மாதத்தில் மேல் இலக்கம் 11 அளவில் இறங்கியது. அதே உணவோடு பயிற்சியும் செய்து நிறையும் குறைத்தவர்களுக்கு 16 இறங்கியது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் சோறு இறங்காத எமக்கு இதில் படிக்க வேண்டியது உண்டு.

அம்மாவின் கேள்விக்கு வருவோம்

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் தண்ணீர்ப் பம்பு வருவதற்கு முன்னர் துலா இருந்தது. ஒருவர் பட்டையைப் பிடிக்க, இன்னொருவர் துலாவின் மேலே முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். மூன்றாமவர் பாத்திக்குத் தண்ணீர் மாறுவார். விடியற்காலையிலிருந்து மணித்தியாலக்கணக்காக ஒரே தாளத்தில் நடப்பார் துலா மிதிப்பவர். இதைவிடச் சிறந்த ஏரோபிக் பயிற்சியை எந்த நிபுணராலும் வகுக்க முடியாது. அந்த நடையை மண்ணெண்ணெய்ப் பம்பு எடுத்துக்கொண்டது. வன்னியிலே உழவை உழவு இயந்திரமும், அரிவு வெட்டை வெட்டும் இயந்திரமும், வயலுக்குப் போகும் நடையை 2009க்குப் பின் கட்டுக்காசுக்கு வந்த மோட்டார் சைக்கிளும் எடுத்துக்கொண்டன. இதற்காக எவரும் பழைய துலாவுக்குத் திரும்ப வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. துலா மிதித்தவர் விழுந்து முடமான கதைகளும் உண்டு. ஆனால் "நாங்கள் கமம் செய்கிற ஆக்கள்" என்ற பழைய எண்ணம் மட்டும் நம்மிடம் மாறாமல் இருக்கிறது; கமம் மாறிவிட்டது.

எஞ்சியிருக்கும் வேலை எத்தகையது என்றும் பார்க்க வேண்டும். நெல் மூடையைத் தூக்கி லொறியில் ஏற்றுகிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு முக்குகிறார். அந்தக் கணத்தில் நசுங்கிய தசைகளுக்குள் குழாய்கள் திறப்பதில்லை, மூடுகின்றன. பாரம் தூக்கும் வீரர்களின் நாடியில் நேரடியாக அளந்தபோது மேல் இலக்கம் 300க்கும் மேலே போனதைக் கண்டிருக்கிறார்கள். குனிந்து களை பிடுங்குவதில் முதுகு நோகும், இதயத்துடிப்பு அதிகம் ஏறாது. அடுப்படியில் நிற்பதிலும் அப்படியே. பெரும்போகத்தில் ஒரு மாதம் முறிந்து வேலை செய்துவிட்டு, அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே திண்ணையில் இருப்பதும் நமது வழக்கம்.

1953இல் இலண்டனில் ஜெரமி மொரிஸ் என்ற வைத்தியர் இரட்டைத் தட்டு பஸ்களின் சாரதிகளையும் கொண்டக்டர்களையும் ஒப்பிட்டார். ஒரே பஸ், ஒரே வர்க்கம், ஏறத்தாழ ஒரே சம்பளம். சாரதி நாள் முழுவதும் இருந்தார். கொண்டக்டர் நாள் முழுவதும் மேல்தட்டுக்கு ஏறி இறங்கினார். மாரடைப்பு கொண்டக்டர்களிடையே குறைவாகவும், வந்தாலும் பிந்தியும் வந்தது. ஆகவே வேலையே பயிற்சியாக முடியும் என்பது உண்மை. ஆனால் அது கொண்டக்டரின் வேலை போல் இருக்க வேண்டும். 2021இல் டென்மார்க்கிலே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதயநோய் குறைந்தது. தொழிலிலே கடினமாக உடம்பை வருத்தியவர்களுக்கு அது கூடியது. கடின வேலை செய்கிறவர் வறியவர், புகைப்பவர், நல்ல உணவில்லாதவர் என்பதால் இருக்கலாம் என்று சிலர் வாதிடுகின்றனர். அதை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்தும் வேறுபாடு முற்றாக மறையவில்லை. வேலை செய்பவர் தன் வேகத்தைத் தானே தீர்மானிப்பதில்லை, களைத்தபோது நிற்க முடிவதில்லை, போதிய நித்திரையும் இல்லை. அவரது அமுக்கம் நாள் முழுவதும் ஏறியே நிற்கிறது.

அந்த அம்மாவுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அவருடைய வேலை அவருடைய உடம்பைக் களைக்கச் செய்கிறது. இதயத்தைப் பழக்கவில்லை. இப்பதிலில் ஓர் அநீதி இருப்பதை நாம் உணர்கிறோம். களைத்து வருகிறவரிடம் இன்னும் அரை மணித்தியாலத்தைக் கேட்கிறோம். அந்த அரை மணித்தியாலத்தை வீட்டில் உள்ள ஆண்கள் ஒரு பானை தண்ணீர் அள்ளிக் கொடுத்தாவது உண்டாக்கித் தரலாம் என்று அடுத்த கூட்டத்தில் சொன்னோம். வாசலில் நின்றவர்கள் அன்று சிரிக்கவில்லை.

பெற்றோல் இல்லாத மாதங்கள்

எமக்குத் தெரிந்த கூட்டுறவுக் கடை முகாமையாளர் ஒருவர். பிறஷருக்குக் குளிசை எடுத்தும் 150/95க்குக் கீழே இறங்காதவர். 2022இல் பெற்றோல் இல்லாமற் போனபோது பழைய சைக்கிளைத் திருத்தி, வீட்டிலிருந்து கடைக்கு ஏழு கிலோமீற்றர் போகவும் ஏழு கிலோமீற்றர் வரவும் மிதித்தார். மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் பார்த்தபோது 128/82. கொப்பியை எமக்கும் கொண்டுவந்து காட்டிச் சந்தோசப்பட்டார். அந்தக் காலத்தில் மருந்துத் தட்டுப்பாடும் இருந்தது அல்லவா? கிளினிக்கில் பாதிக் குளிசை கொடுத்து மிகுதியை வெளியே வாங்கச் சொன்னார்கள். சைக்கிள்தான் மருந்து என்று தீர்மானித்து அவர் வாங்காமல் விட்டுவிட்டார். நாமும் அவரது இலக்கத்தைப் பாராட்டினோமே தவிர, குளிசை எடுக்கிறாரா என்று கேட்கவில்லை.

கியூ.ஆர். முறையில் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் சைக்கிள் தாழ்வாரத்துக்குப் போனது. மோட்டார் சைக்கிள் வெளியே வந்தது. பயிற்சியால் வந்த பலன் பயிற்சியை விட்டால் சில கிழமைகளிலேயே கரைந்துவிடும். சைக்கிளும் இல்லை, குளிசையும் இல்லை, உடம்பிலே நோவும் இல்லை. 2023 பங்குனியில் ஒரு காலை முகம் கழுவும்போது வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இதயத்தை ஸ்கான் செய்து பார்த்து, சுவர் தடித்திருப்பது பல வருடத்து வேலை என்று சொன்னார்களாம்.

ஆகையால் நடக்கத் தொடங்குகிறவர் எவரும் குளிசையைத் தாமாக நிறுத்தக் கூடாது. இலக்கம் இறங்கினால் அதைக் கொப்பியோடு வைத்தியரிடம் காட்ட வேண்டும், அவர் தீர்மானிப்பார். 180/110க்கு மேல் உள்ளவர்கள் முதலில் மருந்தால் அதைக் கட்டுப்படுத்திய பின்னரே நடையைத் தொடங்குதல் நல்லது. நெஞ்சில் இறுக்கம், தாங்க முடியாத இளைப்பு, கண் இருட்டுதல் இருந்தால் அவ்விடத்திலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எவ்வளவு வேகம் என்று கேட்கிறார்கள். நடந்துகொண்டு பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியாதிருக்க வேண்டும். நாடி பிடித்து எண்ணுகிற முறையை நாம் சிபாரிசு செய்வதில்லை. அற்றனலோல் போன்ற குளிசை எடுப்பவர்களில் துடிப்பு ஏறாது, எண்ணினால் ஏமாறுவார்கள். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிடம் என்கிறது. முப்பது நிமிடமாக ஐந்து நாள், அல்லது நாளுக்கு மூன்று பத்து நிமிடம். முதல் ஐந்து நிமிடம் மெதுவாகத் தொடங்கி, கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக முடிக்க வேண்டும். திடீரென நின்றால் விரிந்த கால் நாளங்களில் இரத்தம் தங்கித் தலை சுற்றும். சிறுநீர் கூடப் போகச் செய்யும் குளிசை எடுப்பவர்கள் மத்தியான வெயிலில் நடக்கவே கூடாது.

சொல்வது இலகு. நமது கிராமங்களில் விடியற்காலையில் யானை, மம்மலில் பாம்பு, எந்நேரமும் நாய், பெண்ணொருத்தி தனியே நடந்தால் நாலு வாய்க் கதை. முன்னே சொன்ன கிராமத்துப் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சங்கக் கூட்ட நாட்களிலே முடிவெடுத்து, பதினொரு பேர் மாலை ஐந்து மணிக்குக் குளக்கட்டில் கூட்டாக நடக்கத் தொடங்கினார்கள். முதல் மாதத்தில் ஆறு பேராகக் குறைந்தது, பிறகு ஒன்பதானது. கடன் பாக்கி, பிள்ளைகளின் சோதனை, மருமகளின் குறை எல்லாம் நடையோடு நடையாகக் கதைக்கப்படுகின்றன. ஆகவே வேகம் சரியானது என்று எமக்குத் தெரிகிறது. கேள்வி கேட்ட அம்மாவின் இலக்கம் நான்கு மாதத்தில் 156இலிருந்து 144க்கு இறங்கியிருக்கிறது. குளிசை ஒன்று தொடர்கிறது. கூட்டுறவு முகாமையாளரும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படலையிலிருந்து கிணற்றடி வரை நடக்கிறார். குளிசைப் போத்தல் சட்டைப் பையிலே இருக்கிறது.

மாரியில் பொழுது வேளைக்கே இருண்டுவிடுவதால் குளக்கட்டில் இரண்டு மின்விளக்குப் போட்டுத் தருமாறு பெண்கள் கையொப்பமிட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தை அந்த அம்மாவே எழுதிக்கொண்டிருக்கிறார்.